துரைக்கு வைத்த பொட்டு

இடப்பக்கச் சிக்னலைப் போடச் சொன்ன கையோடு கிளிபோட் துரையை மன்னாருக்கு மாற்றிவிடுவார் இரத்தினவேல் அண்ணை. அண்ணை புலம்பெயர்ந்து வந்து வோபர்னில் கார் ஓட்டப் பழக்குகிறவர். துரையோ நூறு வருடத்துக்கு முன் இலங்கையில் பி.டபிள்யூ.டி. எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர். அண்ணையின் ஊருக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவராம். உறவு அவ்வளவுதான். ஆனால் கதை தொடங்கினால் அடுத்த சந்தி வருவதற்குள் துரைக்கு மலேரியா வந்துவிடும், நமக்கும் காய்ச்சல் அடிக்கும்.

"கண்ணாடியைப் பாருங்கோ பிள்ளை. பாலத்துக்குச் சீமெந்து காணாதெண்டு ஏசண்டரோட கொழுவினவர் மனுசன். ஜில்லாவையே ஆண்ட ஏசண்டர்! அதாலதான் கடைசிவரைக்கும் புரமோசன் இல்லை. பிரேக்! பிரேக்!"

அந்த வராத புரமோசனை நினைத்துக்கொண்டே ரோட் ரெஸ்ற்றில் ஸ்ரொப் சைனைத் தாண்டிப் போனவள் நான். சொன்னபோது அண்ணைக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

அவர் வீட்டு வரவேற்பறையில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், பாலத் திறப்பன்று எடுத்த குழுப்படம். இணையத்தில் கண்டெடுத்துப் பெருப்பித்தது. நடுக் கதிரையில் மீசையும் வண்டி வயிறுமாக ஒருவர். படத்துக் கண்ணாடியின் மேல், சரியாக அவர் நெற்றியில், சந்தனப் பொட்டு; சட்டத்தைச் சுற்றி மாலை. துரை செத்த நாள் தெரியாததால் பாலம் திறந்த நாளில் திவசம். வடை, பாயசம் எல்லாம் உண்டு.

"என்ர அப்பாவின்ர படம் பேஸ்மென்ற்றில கிடக்குது. நான் உந்த வெள்ளையனுக்கு வடை சுடுறன்!" என்பார் அண்ணையின் மனைவி ஜெயமலர் அக்கா.

இந்த வருடம் அண்ணை ஒருபடி மேலே போய், துரையின் பூட்டப்பிள்ளை மெலிசாவைத் தேடிப் பிடித்து, ஸ்ரௌவ்வில்லில் இருந்து திவசத்துக்கே கூப்பிட்டுவிட்டார். அக்கா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "அந்தப் பிள்ளை பார்த்துச் சிரிச்சுதெண்டால் படம் பேஸ்மென்ற்றுக்கு. சொல்லிப்போட்டன்." அண்ணை லெசன்களை ரத்துச் செய்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கும் படத்துக்குமாக நடந்தார். நான் வடைத் தட்டோடு பின்னால் நடந்தேன்.

மெலிசா வந்தார். வடையைக் கடித்தபடி படத்துக்குக் கிட்டப் போனார். மாலையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு படத்தின் ஓரத்தில், அரைவாசி வெட்டுப்பட்டு நின்ற ஒல்லியான மனிதரைத் தொட்டு, இவர்தான் என் பூட்டன் என்றார். கைபேசியில் அவருடைய கல்யாணப் படத்தையும் காட்டினார். அதே மூக்கு. கதிரையில் இருப்பவர்? பூட்டன் சாகும்வரை திட்டித் தீர்த்த ஏசண்டர்!

"பெரிய ஆள் எண்டால் நடுக் கதிரையிலதானே இருப்பார்..." அண்ணை கைபேசியை வாங்கி மூக்கைப் பெருப்பித்துப் பார்த்தார்.

மெலிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூட்டனுக்காக இதுவரை யாரும் ஒரு பூக்கூட வைத்ததில்லை என்றார். இன்னொரு வடை கேட்டார்.

ஜெயமலர் அக்கா படத்தைக் கழற்றினார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சேலைத் தலைப்பால் ஏசண்டரின் பொட்டை அழுத்தித் துடைத்து, சந்தனத்தில் விரலைத் தோய்த்து ஓரத்து ஒல்லியரின் நெற்றியில் வைத்து, படத்தைப் பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டினார். ஓரடி பின்னால் நின்று பார்த்தார். பிறகு எட்டி, ஏசண்டருக்கும் சின்னதாக ஒன்று வைத்தார்.

"இவ்வளவு வருசம் என்ர வடையைத் திண்டவர். பாவம்."