பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில்

மனைவி காலமாகி, மகளும் கனடா போனபின், எங்கள் லோத்குண்டா வீட்டில் சத்தம் போடுவது நானும் ஃப்ரிட்ஜும்தான். அதனால் ஞாயிறுதோறும் வீடற்ற பெண்களுக்கான காப்பகம் ஒன்றுக்குப் போய், அரசு மென்பொருளில் பெயர்களைப் பதிவு செய்து கொடுப்பேன். இதைத் தொண்டு என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

செல்போன் எண் இல்லாமல் அந்த மென்பொருள் யாரையும் ஏற்காது. புதிதாக வந்த லட்சுமியிடம் போன் இல்லை. தாராளமாக என் எண்ணைத் தட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம் காப்பகத்தில் இருந்தபோது என் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

"சார், லட்சுமியோட அண்ணன் பேசறேன். சர்க்கார் வெப்சைட்ல அவ பேரைப் போட்டுத் தேடினேன், உங்க நம்பர் வந்தது. நல்லா இருக்காளா? சாப்பிட்டாளா?"

என்னை யாரும் அப்படி விசாரித்து நாளாயிற்று. உருகிப்போனேன்.

"ஓ, பேஷா இருக்கா! நம்ம காப்பகம் எங்கே இருக்குன்னா..."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த லட்சுமி ஓடிவந்து போனைப் பொத்தினாள். "நக்கோ சார், நக்கோ! சொல்ல வேணாம்! அது என் புருஷன். கொன்னுடுவான்."

அழைப்பைத் துண்டித்தேன். அன்றே பொறுப்பாளர் அவளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்.

இப்போதெல்லாம், "பேரை ஏற்றினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஏற்றட்டுமா அம்மா?" என்று கேட்காமல் ஓர் எழுத்தும் தட்டுவதில்லை. பெயர்களை இப்படி ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அரசு அலுவலகத்துக்கும் எழுதினேன், பதில் இல்லை.

லட்சுமி எங்கே இருக்கிறாள் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது அன்பாக நாலு வார்த்தை பேசினால் சொல்லிவிடுவேன்.