மாமி வரும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு தாச்சி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். என் கணவர் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அன்றிலிருந்து மாமிக்கு, அதாவது அவருடைய உம்மாவுக்கு, ஒரே கவலை: மகன் மெலிந்துவிட்டானா? பெருநாளைக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டில் கண்டாலும் சரி, எனக்கு ஒரு பார்வை, மகனுக்கு ஒன்பது பார்வை. கன்னத்தைத் தொட்டு, தோளைப் பிடித்து, குர்பானுக்குக் கிடாய் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "மெலிஞ்சி போயித்தாய் மனெ" என்று பெருமூச்சு விடுவார். அப்போது நாங்கள் என் உம்மாவின் அடுப்பில்தான் சாப்பிட்டோம். ஆகவே பழி உம்மாவுக்கு. ஒரு வருஷம் கழித்து எங்களுக்குத் தனி அடுப்பு வைத்தார்கள். இனிப் பழி எனக்கு.

தனி அடுப்புக்கு உம்மா பானை, சட்டி, அகப்பை எல்லாம் தந்தார். மீன் பொரிக்கிற தாச்சியை மட்டும் தரவில்லை.

"அத மட்டும் கேக்காத புள்ள. அது என்ட கைக்குப் பழகினது. நீ ஒண்ட எடுத்துப் பழக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமி சொல்லி அனுப்பினார், அடுத்த வெள்ளி கழித்து மற்ற வெள்ளி பகல் சாப்பாட்டுக்கு வருகிறாராம். மாமிக்குப் பொரித்த பாரை மீன் என்றால் உயிர். அன்றைக்கு அவர் வாயால் "மகன் நல்லா இரிக்கான்" என்று ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் கடைத்தெருவுக்குப் போவது அன்று வழக்கமில்லை. ஆகையால் தாச்சிகள்தான் என் கணவரின் சைக்கிளில் என்னைத் தேடி வந்தன, மாப்பிள்ளை வந்ததைப் போலவே. கல்முனைக் கடைக்காரர் நல்ல மனுசன். பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முதல் தாச்சி அலுமினியத்தில் பளபளவென்று வந்தது. என் கணவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு விழுந்தாலும் பொறுக்கமாட்டார். அவருக்கு அந்தப் பளபளப்பே போதும். நான் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினேன். நடுவில் கருகி, ஓரத்தில் பச்சையாகவே கிடந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணலெண்டாளாம்" என்று சிரித்தார்.

"அப்ப நீங்களே ஆடுங்க" என்று அகப்பையைக் கையில் கொடுத்தேன். அவர் பொரித்த முட்டையைக் கோழிகூடச் சந்தேகத்தோடுதான் கொத்தியது. தாச்சி சைக்கிளில் திரும்பிப் போனது.

இரண்டாவது மெல்லிய தகரம். அடுப்புக் கல்லில் வைத்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது. தெருவில் பார்ப்பவர்கள் "வாத்தியார், தாச்சி யாவாரம் எப்படிப் போகுது?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது தடித்த இரும்பு, கறுவல். தண்ணீர் நிறைத்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், கை தாங்கியது. கல்லில் வைத்தேன், அசையவில்லை. கரண்டியால் தட்டினேன், விரிசல் இல்லாத கணீர் என்ற சத்தம். இதுதான் என்றேன். "இந்தக் கறுப்பா?" என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பிறகு பழக்கினேன். கஞ்சித் தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, புகை வரக் காய்ச்சி, துருவிய தேங்காய்ப்பூவை வறுத்துக் கொட்டினேன். ஒவ்வொரு நாளும் அதில் ஏதாவது ஒன்று பொரிந்தது: வாழைக்காய், கத்தரிக்காய், சூடை மீன். முதலில் எல்லாம் ஒட்டின. பத்தாம் நாள் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாமி வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் பக்கத்து வீட்டில் தூள் இடித்துவிட்டு வருகிறேன். கிணற்றடியில் என் கணவர், வேர்க்க விறுவிறுக்க. கடற்கரை மணல், சாம்பல், தும்பு எல்லாம் பக்கத்தில். கையில் என் தாச்சி, பத்து நாள் பழக்கியதெல்லாம் உரிந்துபோய், வெள்ளை வெளேரென்று.

"இஞ்ச பாருங்க, புதுசு மாதிரி! கறுப்பாக் கிடந்தா உம்மா என்ன நினைப்பா?"

என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. வாத்தியார் அன்றைக்கு நன்றாகப் பாடம் படித்தார். சத்தம் கேட்டு உம்மா தன் தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் வாங்கவில்லை. வாங்கினால் அது மறுபடியும் உம்மாவின் சாப்பாடு. ரோசம் என்றால் எனக்கு அப்படி ரோசம்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடியப் போகிறது. பாரைத் துண்டங்கள் தாச்சியில் பசை வைத்ததுபோல் ஒட்டிக் கிடக்கின்றன. தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். நான் சுரண்டிக்கொண்டே அழுகிறேன். வந்த மாமி நேரே அடுப்படிக்கு வந்துவிட்டார். மீனைப் பார்த்தார், தாச்சியின் ஓரத்தைப் பார்த்தார்.

"ஆர் இதத் தேச்ச?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினேன். மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"ரப்பே! என்ட தாச்சியயும் மூணு தரம் இப்படித் தேச்சவன். அதுக்குப் புறகு அவன நான் கிணத்தடிக்கே விடல்ல. உனக்குச் சொல்ல மறந்துபோனன் மகள்."

என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அடுப்புக்கு முன்னால் குந்தினார். கிழிந்த மீனையெல்லாம் உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டினார். தேசிக்காயை நான் பிழிந்தேன். தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்த மகனுக்கு இருவரும் சேர்ந்து ஏசினோம். ஏச்சோடு ஏச்சாக அவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மாமி அவருடைய தோளைப் பிடித்துப் பார்க்கவேயில்லை.

அவர் எழுந்த பிறகு நானும் மாமியும் ஒரே சஹன் தட்டில் உட்கார்ந்தோம். என் பக்கம் மீன் குறைந்திருந்தது. மாமி தன் பக்கத்து மீனையெல்லாம் விரலால் தள்ளி என் பக்கம் சேர்த்துவிட்டு, என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தின்னு மகள். அவன் நல்லாத்தான் இரிக்கான். நீதான் மெலிஞ்சித்தாய்."