அக்காவின் இரண்டாவது சோதனை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுவது. பந்தியில் உட்காருமுன் இந்த ஒரு பக்கத்தையாவது படிக்க வேண்டுகிறேன்.

அக்கா பாடாலூரில், பருத்திக் காட்டில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பெரம்பலூரில் படிப்பை முடித்து, அங்கேயே ஆய்வு மாணவியானார். கோமியத்தில் நனைத்து உலர்த்திய பருத்தித் துணி, புண்ணில் கிருமி வளராமல் தடுக்குமா என்பதே அவருடைய ஆய்வு. கிருமி வளரும் தட்டில் துணித் துண்டை வைப்பார்கள். கிருமி செத்தால் துணியைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும்.

இன்று கண்ணீரோடு வந்திருப்பவர்களில் பலர் அன்று அக்காவைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள். "எம்.எஸ்சி. படிச்சுட்டு மூத்திரம் அள்ளுது" என்று ஒரு சித்தி கல்யாண வீட்டில் காதுபடவே சொன்னார். "அள்ளுறது பெருசில்ல சித்தி, அளந்து அள்ளணும்" என்று சொல்லிவிட்டு அக்கா சாப்பிடப் போனார்.

செந்துறை மாமா வீட்டு மாட்டின் கோமியத்தைப் பிடித்து வருவது என் பொறுப்பு. கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலை அக்கா கொடுத்தனுப்பியிருந்தார். அதை நான் பஸ்ஸில் உடைத்துவிட்டேன். திட்டுவாரோ என்று பயந்து, மாமா வீட்டில் காலியாகக் கிடந்த பினாயில் பாட்டிலின் லேபிளை உரித்து, இரண்டு முறை அலசி, அதில் பிடித்து வந்தேன்.

"கண்ணாடி பாட்டில் எங்கடி?"

"ஒடஞ்சிருச்சுக்கா. இது புதுசுதான்."

துணியைச் சுற்றி அகலமான வட்டம் விழுந்தது. அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் உடனே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். சிரித்த வாய்களெல்லாம் ஒரே நாளில் "எங்க வூட்டுப் பொண்ணு" என்றன. மாமா மாட்டுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பாட்டில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் அக்காவின் சந்தோஷத்தைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

சில மாதங்களில் என் மகள் பிறந்தாள். தொப்புளில் சீழ் வைத்தது. மாமா செய்தித்தாள் துண்டோடும் கோமியத்தில் நனைத்த துணியோடும் வந்து நின்றார்.

"பயப்படாத பாப்பா, ஒங்க அக்கா கண்டுபுடிச்சதுதான்."

நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அக்காவுக்குப் போன் செய்தேன். பாட்டிலைப் பற்றிச் சொன்னேன்.

"துணிய வச்சுட்டாங்களா?"

"இல்லக்கா."

"வைக்க வுடாத. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு, நான் அங்க வந்துடுறேன்."

மகள் பிழைத்தாள். அதன்பின் அதே மாட்டின் கோமியத்தை அக்கா தாமே கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வந்து மறுபடி சோதித்தார். வட்டம் விழவில்லை. கிருமி துணியின் மேலேயே ஏறி வளர்ந்திருந்தது.

"மொதல்ல வந்ததையே எழுதிடும்மா. யாரு போயி பாட்டில பாக்கப்போறா?" என்றார் பேராசிரியர். அக்கா இரண்டையும் எழுதினார், பினாயிலையும் சேர்த்து. பேராசிரியரோ கையெழுத்துப் போடாமல் ஆய்வேட்டைத் தம் மேசையிலேயே போட்டுவைத்தார். மாமாவோ, "அப்ப எங்க மாட்டுல குத்தமா?" என்று சண்டைக்கு வந்தார்.

"மாட்டுல இல்ல மாமா. நீங்க மாலைய பாட்டிலுக்குப் போட்டிருக்கணும்."

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அக்கா ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நடக்க முடியாதபோது படுக்கையிலிருந்தே பக்கங்களைத் திருத்தினார். பேராசிரியரின் கையெழுத்து கடைசிவரை வரவில்லை.

இந்த நினைவு மலருக்காக மாமா, 'கோமியத்தின் பெருமையை நிரூபித்தவர்' என்று எழுதிக் கொடுத்தார். பேராசிரியரும் அதே பொருளில் இரங்கல் செய்தி அனுப்பினார். இரண்டையும் நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. நினைவு நாளில் இப்படிச் செய்வது முறைதானா என்று தயங்கி, இதை நான்கு முறை அடித்து எழுதினேன். உயிரோடு இருந்தபோது மூக்கைப் பிடித்தவர்கள் இப்போது அவர் பெயரைப் பிடித்துத் தொங்குவது அருவருப்பாக இருக்கிறது. என் பொய்யில்தான் இது தொடங்கியது என்பதையும் மறைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் முகம் சுளிக்காமல் தட்டுகளைக் கழுவித் தந்த உதவியாளர் அம்மாவுக்கும், கேட்காமலே வந்து ரத்தம் கொடுத்த மாணவிகளுக்கும், கடைசி வாரத்தில் அக்காவுக்குத் தலைவாரிப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் குழந்தைக்காவது கோமியத் துணி கட்டப் போனால், அக்காவின் பெயரைச் சொல்லிக் கட்டாதீர்கள். அது வேலை செய்யாது என்று எழுதியதற்காகத்தான் அவர் பட்டம் வாங்காமலேயே போனார்.