சின்ன வயர்லெஸ்

எழுவைதீவில் இறங்குதுறை கட்டியபோது, கரையில் நின்ற கிரேன் கல்லை இறக்க, அண்ணை கீழே தோணியில் நின்று இடம் காட்டுவார். கிரேனுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். இரைச்சலில் கத்தினால் கேட்காது என்று எஞ்சினியர் இரண்டு வகை வயர்லெஸ் செட்டுகளைக் கொண்டுவந்து, எங்களையே தெரிவுசெய்யச் சொன்னார்.

"பாரமானதை எடு. உப்புத்தண்ணி பட்டாலும் பேசுமாம்," என்றார் அண்ணை.

"உந்தச் செங்கல்லை ஆர் காவுறது? சின்னன் எண்டால் இடுப்பிலை கொழுவ வடிவாயிருக்கும்."

"ஓம், நீர் பெரிய துரை," என்று சிரித்து, விட்டுக்கொடுத்தார்.

வாடைக்காற்று தொடங்கிய கிழமை, கல்லைக் கட்டியிருந்த சங்கிலி நழுவியது.

"அண்ணை, விலகு! விலகு!" என்று பொத்தானை அழுத்திக் கத்தினேன். அலையில் நனைந்த அவருடைய செட் பேசவில்லை. ஏதோ சொல்கிறேன் என்று என்னைப் பார்த்தபடி அதைக் காதில் வைத்தார். கல் விழுந்தது.

செத்தவீட்டில் எஞ்சினியர் மெதுவாகக் கேட்டார்: "உந்தச் செட்டை ஆர் தெரிஞ்செடுத்தது?"

"அண்ணைதான்," என்றேன்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதும் படத்துக்குப் பூ வைக்கும்போது, "ஏன் ராசா உந்தச் செட்டை எடுத்தனி?" என்று அண்ணையிடம்தான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.