என் மேசையில் மட்டும் வாழ்ந்த இலைப்பேன்

இந்திய இலைப்பேன்களின் பட்டியல் எதைப் புரட்டினாலும் அந்த ஒரு இனத்துக்கு மட்டும் வரைபடத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி இருக்கும். பெங்களூர், எங்கள் அலுவலக வளாகம், புங்கமரம். அந்தப் பதிவை எழுதியவன் நான். அந்தப் புள்ளி நிற்க வேண்டிய இடம் புங்கமரம் அல்ல, மரத்துக்கு நாற்பதடி தள்ளி முதல் மாடியில் நான் டிபன் பாக்ஸ் வைக்கும் மேசை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது.

இலைப்பேன் என்றால் தலையில் ஊரும் பேன் அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், இறக்கைக்குப் பதில் குஞ்சம் கட்டியது போலிருக்கும் பூச்சி. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் விவசாயி திட்டுவது இதைத்தான். அதைக் கொல்வது என் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதன் பெயர் சரியா, அது எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலையில் எத்தனை மயிர், முதுகில் எத்தனை மயிர் என்று எண்ணி இரண்டு இனங்களைப் பிரிப்பேன். பெங்களூரிலேயே மர்பி டவுனில் பெண் பார்க்கப் போனபோது இதை அரைமணி நேரம் விளக்கினேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேன் பாக்கற உத்தியோகம், கவர்மெண்ட்ல" என்று உள்ளே போய்ச் சுருக்கமாகச் சொன்னார். அதைவிடச் சரியாக என் வேலையை இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

கல்யாணமான முதல் வருடமே எனக்கு ஒரு புது இனம் கிடைத்தது. ஒரே ஒரு பெண் பூச்சி. பெரிதாக, கறுப்பாக, நான் பார்த்த எதனோடும் ஒட்டாமல் இருந்தது. புது மாப்பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? மனைவியின் பெயருக்கு லத்தீன் வால் ஒன்று ஒட்டி அதற்குச் சூட்டினேன். மாமியார் வீட்டில் அறிவித்தபோது அவள் தம்பி கேட்டான்.

"ஒரு பட்டாம்பூச்சி கெடைக்கலயா மாமா?"

"பேனைப் பெருமாள் ஆக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். எம்பொண்ணைப் பேன் ஆக்கிட்டீங்களே" என்றார் மாமியார்.

மனைவி மட்டும் கோபிக்கவில்லை. பூச்சியின் படத்தைச் சட்டம் போட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே மாட்டினாள். வருகிறவர்களிடம், "இது நானு" என்று காட்டுவாள். வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபியைச் சீக்கிரம் குடிப்பார்கள்.

பரவல் வரைபடத்தில் ஒரே புள்ளிதான் என்பது அவளுக்குப் பெரிய குறை. "ஊர் பூரா பேன் இருக்கு, நான் மட்டும் ஒரு மரத்துலயா?" என்பாள். ஆகவே நாங்கள் எங்கே போனாலும் அவள் கைப்பையில் வெள்ளை பிளாஸ்டிக் தட்டும் நுனி மெலிந்த பிரஷும் இருக்கும். பூவுக்குக் கீழே தட்டைப் பிடித்துக் காம்பில் இரண்டு தட்டு தட்டினால் பூச்சிகள் விழும். எங்கள் தொழிலில் பிடிக்கிற முறையே அதுதான். என்னைவிட அவள் நன்றாகத் தட்டுவாள். நந்தி பெட்டா மலையில் எல்லோரும் சூரியோதயம் பார்க்க, அவள் சாமந்தியைத் தட்டிக்கொண்டிருப்பாள். லால்பாகில் ஒருமுறை காவலாளி விசிலோடு வந்து, "ஏனு மாடுத்தா இத்தீரம்மா?" என்று கன்னடத்தில் அதட்டினார், என்னம்மா செய்கிறீர்கள் என்று. அவள் நிமிராமலே, "நன்னன்னே ஹுடுக்தா இத்தீனி" என்றாள். என்னையேதான் தேடிக்கிட்டிருக்கேன் என்று அர்த்தம். காவலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஒவ்வொரு முறையும் தட்டை என்னிடம் நீட்டுவாள். நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். சாமந்தியில் எப்போதும் இருக்கிற வெளிர் மஞ்சள் இலைப்பேன்தான் ஓடிக்கொண்டிருக்கும். "இது சாதாரணம்" என்று சொல்லி ஊதிவிடுவேன். அவளும் தட்டைத் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போவாள். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் உல்லாசப் பயணம் போனோம்.

போன வருடம் அந்த இனம் அடங்கிய பேரினம் முழுவதையும் திருத்தி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. திருத்தி எழுதுவது என்றால் அதில் வைக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமான அசல் ஸ்லைடை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். மற்றவர்கள் செய்த தப்புகளையெல்லாம் உற்சாகமாகப் பிடித்தேன். ஒருவர் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக்கியிருந்தார். அதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது. என் ஸ்லைடைக் கடைசியாக வைத்திருந்தேன், சாப்பாட்டில் பாயசத்தை வைப்பது போல.

புது மைக்ராஸ்கோப் பழையதைவிடத் தெளிவு. பூச்சியின் வயிற்றோரம், அதைக் கண்ணாடியில் பதித்த பிசினுக்குள் நாலைந்து மகரந்தத் துகள்கள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் முள். புங்கம்பூ மகரந்தத்தில் முள் கிடையாது. முள் இருப்பது சூரியகாந்தி வகையில், அதாவது சாமந்தியில்.

லேபிளில் என் கையெழுத்தில் தேதி இருந்தது. போனில் அந்த வருடக் காலண்டரைத் தேடினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பூஜையன்று விடுமுறை என்பதால் எங்கள் அலுவலகத்தில் முந்தின நாளே கொண்டாடிவிடுவோம். தராசு, ஜீப், ஜெராக்ஸ் மெஷின், மைக்ராஸ்கோப் எல்லாவற்றுக்கும் மாலை. அந்த வருடம் யாரோ பக்தி முற்றி லென்ஸுக்கே குங்குமம் வைத்துவிட, நாங்கள் பார்த்த பூச்சிக்கெல்லாம் நெற்றியில் பொட்டு தெரிந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரி தின்று, அதன் பிறகும் வேலை செய்தே தீருவேன் என்று புங்கமரத்தை உலுக்கிய தட்டோடு மாலை போட்ட மைக்ராஸ்கோப்பில் குனிந்தவன் நான் ஒருவன்தான். சாமந்தி மாலை சரியாகத் தட்டுக்கு மேலே தொங்கியிருக்கும். அதிலிருந்து ஒன்று விழுந்திருக்கும். குளிரான இடத்தில் வளர்ந்தால் சாதாரண சாமந்திப் பேனே பெருத்துக் கறுத்துப்போகும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் கெட்டிக்காரன் என்பது மட்டுமே.

மறுபடி மயிர் எண்ணினேன். சாமந்திப் பேனுக்கும் அதற்கும் ஒன்றுகூட வித்தியாசமில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகம். பக்கத்து மேசையில் இருக்கும் இளம் சக ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சிங்க் பண்ணிடலாம் சார்" என்றார். ஒரு பெயரைச் செல்லாததாக்குவதை எங்கள் தொழிலில் மூழ்கடிப்பது என்போம். பிறகுதான் அவருக்குப் பெயர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஐயோ, மேடம்" என்றார். அந்த ஸ்லைடு கை தவறிக் கீழே விழலாமா என்றுகூட அன்று மத்தியானம் யோசித்தேன். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறார்கள், இது ஒரு மில்லிமீட்டர்தானே? ஆனால் அடுத்தவர் தப்புக்குச் சிரித்த வாய் என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவரைக்காய் சீசன். ஊறவைத்த பருப்பை மனைவி தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நாலு பருப்பைப் பிதுக்கினேன்.

"என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள்.

"நமக்குக் கல்யாணமான வருஷம் ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்கு மாலை போட்டோமே. அது கடைல வாங்குனதா?"

"நான் கட்டுனது. நீங்க கையை வெச்சு அளவு காட்டுனீங்க. கைக்குழந்தைக்குக் கட்டற மாதிரி இருக்குன்னு எங்கம்மாகூட சிரிச்சாங்களே. சாமந்தி."

சொன்னேன். முள் மகரந்தம், முந்தின நாள், தட்டு, எல்லாவற்றையும். அவள் பருப்புப் பிதுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப என் பேரை எடுத்துடுவீங்க."

"எடுக்க முடியாது. சட்டமே அதான். பழைய பேர் கீழ சின்ன எழுத்துல எப்பவும் இருக்கும். செல்லாதுன்னு மட்டும் போடுவோம்."

"இருக்கும், ஆனா செல்லாது."

"ஆமா."

"கல்யாணமானதும் பேங்க்ல, ரேஷன் கார்டுலயெல்லாம் எங்கப்பா இனிஷியலை எடுத்துட்டு உங்களதைப் போட்டாங்களே, அந்த மாதிரி."

நான் ஒரு பருப்பைப் பிதுக்கினேன். அது எகிறி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது.

"இப்ப நான் எந்தப் பூச்சியில சேர்றேன்?"

"சாமந்தியில இருக்குமே, அந்த மஞ்சள். சாதாரணம்தான்."

அவள் கை அப்போதுதான் நின்றது. "லால்பாக்ல தட்டிக் காமிச்சேனே, அதுவா?"

"அதான்."

"நந்தி பெட்டாவுல? எங்க தம்பி வீட்டு மாடியில?"

"அதான்."

"அப்ப எல்லாம் நான்தானே" என்றாள். "எத்தனை வாட்டி உங்க கையில கொண்டாந்து குடுத்தேன். ஒவ்வொரு வாட்டியும் சாதாரணம்னு ஊதி விட்டீங்க."

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

மறுவாரம் மர்பி டவுனில் அவள் தம்பி வீட்டு மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே பெயிண்ட் டப்பாக்களில் சாமந்தி வைத்திருக்கிறார்கள். அவள் தட்டைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினாள். ஏழெட்டு மஞ்சள் பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின. பழக்கதோஷத்தில் குவிந்த உதட்டை மூடிக்கொண்டேன். மூச்சுகூட விடாமல், பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் விட்டேன். திருத்திய நூலில் அந்த மஞ்சள் இனத்தின் வரைபடத்தில் என் மேசைக்கு இனி இடமில்லை. புதுப் புள்ளி இந்த மாடிக்குத்தான்.

குப்பிக்குள் போடும் சின்னத் துண்டுக் காகிதத்தில் ஊர், செடி, தேதி எல்லாம் பென்சிலால் எழுதினேன். கடைசி வரி, சேகரித்தவர். அவள் பெயரை எழுதப்போனவன் கையை நிறுத்தினேன்.

"இனிஷியல் என்ன போடட்டும்?"

அடுத்த டப்பாவுக்கடியில் தட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னாள், "எங்கப்பாது."