எந்திரிச்சு நின்ன குத்தம்

எங்க வீடு மலை மேல அட்டுவம்பட்டியில, ரோட்டுக்குக் கீழ சரிவுல இருக்கு. முன்பக்கம் நானும் எங்க வீட்டுக்காரரும் இருக்கோம். பின்பக்கம் ரெண்டு ரூம். சீசன்ல அதை டூரிஸ்ட்டுக்கு விடுவோம். அந்தக் காசுலதான் மகளைப் படிக்க வெச்சோம், கட்டிக் குடுத்தோம்.

எங்க வீட்டுக்காரருக்கு அது வெறும் பொழப்பு இல்ல. வர்றவங்க கேட்டைத் தாங்களே தொறக்கக் கூடாது, அது அவரு போட்ட சட்டம். மழையோ பனியோ, வண்டிச் சத்தம் கேட்டா மப்ளரைச் சுத்திக்கிட்டு வெரசாப் போயிருவாரு. "வாங்க சார், வாங்கம்மா, ரொம்பக் குளிருதா?"ன்னு பெட்டியை வாங்கித் தோள்ல வெச்சுக்கிட்டுத்தான் உள்ள கூட்டிட்டு வருவாரு. ஊருல இல்லாத உபசாரம்னு நான் கேலி பண்ணுவேன்.

எழுபது தாண்டுன பெறகு, ஒரு நாள் வெள்ளனே பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவருக்கு இடது பக்கம் இழுத்துக்கிச்சு. உசுரு தப்பினதே பெருசு. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் போவாரு, அவ்வளவுதான். பின்னால ரெண்டு ரூமையும் பூட்டிட்டேன். என் முழங்காலும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, நான் ஒருத்தி என்ன செய்ய?

ரூமு பூட்டிக் கெடந்தாலும் வீட்டு வரி மட்டும் லாட்ஜ் கணக்குலயே வந்துச்சு. கட்ட வழியில்ல. மகளோ, வீட்டை வித்துட்டு திருப்பூருக்கு வந்துருங்கன்னு போன்லயே அழுதா. பக்கத்து ரிசார்ட்காரன் வேற எப்ப தருவீங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். அதைக் கேட்ட அன்னைக்கு இவரு சோத்தைத் தொடல.

வரி ஆபீஸ்ல ஒரு அம்மாதான் வழி சொன்னாங்க. "வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்க, சொந்த வீட்டுல குடியிருந்தா வரியைக் குறைக்கச் சொல்லி மனு குடுத்துப் பாருங்கம்மா. ஆனா ஆள் நேர்ல வருவாங்க. ரூம் விடலைங்கிறதையும் சாருக்கு முடியலைங்கிறதையும் கண்ணால பார்ப்பாங்க."

ஆள் வர்றாருன்னு சேதி வந்ததுதான் தாமதம், எங்க ரெண்டு பேரு புத்தியும் எங்க போச்சோ தெரியல. வெளியாளு வந்து பாக்குற வீடு, நாறிக் கெடக்கலாமா? பூட்டுன ரூமைத் தொறந்தேன், ஒட்டடை அடிச்சேன், வெள்ளை விரிப்பு விரிச்சு கம்பளியை மடிச்சுக் கால்மாட்டுல வெச்சேன். கீசரைக்கூடப் போட்டு வெச்சேன்னா பாத்துக்கங்க! இவரு ஒத்தைக் கையாலயே ஷேவிங் பண்ணி, பழைய கோட்டை எடுத்து மாட்டிவிடுன்னாரு.

ஜீப் சத்தம் கேட்டப்ப நான் அடுப்படியில போண்டா போட்டுக்கிட்டு இருந்தேன். எட்டிப் பார்த்தா கட்டில் காலி. வாக்கர் சுவத்தோரமா நிக்குது. வெளிய ஓடுனா, மனுசன் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு! அந்தச் சரிவுல எப்படிப் போனாரோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். அந்தக் குளிருல மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது, "வாங்க சார், ரொம்பக் குளிருதா?"ங்கிறாரு. வந்தவர் பையை வாங்கக் கையை வேற நீட்டுறாரு.

வந்தவரு சின்ன வயசு, நல்ல புள்ள. போண்டா சாப்பிட்டாரு, ரூமைப் பார்த்தாரு, "நீட்டா வெச்சிருக்கீங்கம்மா"ன்னாரு. எனக்குப் பெருமை வேற! அடுத்த மாசம் மனு தள்ளுபடின்னு வந்துச்சு. ரூம் வாடகைக்குத் தயாரா இருக்கு, வீட்டுக்காரர் நடமாடுறாருன்னு எழுதியிருந்துச்சு. அந்தப் புள்ளயைச் சொல்லி என்ன, கண்ணால பார்த்ததை எழுதியிருக்கு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். "கொஞ்ச நேரம் கட்டில்ல கெடந்தா என்ன கொறைஞ்சு போகும்? மகாராசா வர்றாருன்னு எந்திரிச்சு ஓடுனீங்களே!"ன்னு கத்துனேன்.

"வீட்டுக்கு வந்த மனுசனைப் படுத்துக்கிட்டா வாங்கன்னு சொல்றது?"ன்னாரு.

"அப்ப வாங்க, திருப்பூர்ல மக வீட்டுத் தகரக் கொட்டாயில போய் நின்னு சொல்லலாம்"னேன். சொல்லிட்டு நானும் அழுதுட்டேன். பொழுது சாயுற வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "மறுபடி எழுதிப் போடு. இந்தத் தடவை எந்திரிக்கல"ன்னாரு.

அதே புள்ளதான் மறுபடியும் வந்துச்சு. ரூமை நான் கூட்டல, பெருக்கல, பூட்டுனது பூட்டுன மாதிரியே விட்டுட்டேன். ஜீப் நின்ன சத்தம் கேட்டதும் இவரோட நல்ல கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுச்சு. வலது காலு தரைக்கு இறங்குச்சு. நான் அவரையே பார்த்தேன். காலை மெதுவா மேல இழுத்துக்கிட்டாரு. வாசல்ல கேட்டு கிறீச்னு தொறந்துச்சு. வந்தவரு தானா தொறந்துக்கிட்டு வந்தாரு.

அவரு கட்டில்கிட்ட வந்ததும், "மன்னிச்சுக்கங்க சார், என்னால எந்திரிக்க முடியாது"ன்னாரு இவரு. கல்யாணமானதுல இருந்து இவரு வாயில நான் கேக்காத வார்த்தை. வந்தவரு உக்காரவும் இல்ல, காபி குடிக்கவும் இல்ல. கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்த்துட்டு, வர்றேன் ஐயான்னு போயிட்டாரு.

வரி குறைஞ்சிருச்சு. வீடு தப்பிச்சிருச்சு. சேதியை நான் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். நல்லதுன்னாரு.

ஆனா அன்னையில இருந்து இவரு எந்திரிக்கல. டாக்டர் வந்து பார்த்துட்டு, காலு முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு, நடக்கலாமேங்கிறாரு. நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டுறாரு. வாக்கர்ல இப்ப துணி காயுது.

போன வாரம் நல்ல பனி. வழி தெரியாம ஒரு கார் வந்து கேட் பக்கத்துல நின்னுச்சு. கைப்புள்ளையோட ஒரு அம்மா இறங்கி, ரூம் இருக்கான்னு கேட்டாங்க. நான் கேட்டைத் தொறக்கல. உள்ள திரும்பி, "ஏங்க, கெஸ்ட் வந்திருக்காங்க!"ன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வாக்கர் தரையில உரசுற சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே நின்னேன்.

"ரூம் இருக்காம்மா?"ன்னு அவங்க மறுபடி கேட்டாங்க.

"இருங்கம்மா, இப்ப வந்துருவாரு"ன்னேன்.