கிள்ளான் வெயிலில் ஒரு குளிர்கோட்டு

அந்த ஃபோன் வந்தபோது நான் மலேசியாவின் கேரி தீவில் ஒரு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கனடாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டறையில் எனக்கு மெக்கானிக் வேலை உறுதியாகிவிட்டது என்றார்கள். துள்ளி எழுந்ததில் நெற்றி இரும்பில் இடித்துப் புடைத்துக்கொண்டது. வலித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் கிரீஸும் கொசுவுமாக இருந்த எனக்குப் பனியில் நின்று எஞ்சின் பிரிக்கும் வேலை! அன்று முழுக்க யாரிடம் பேசினாலும் சிரித்துக்கொண்டே பேசினேன்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கனடாக்காரர்களிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். பினாங்குக்குப் போகிற பஸ்ஸில் ஏர்கான் கொஞ்சம் கூடினாலே காதில் துண்டைச் சுற்றிக்கொள்கிற ஆள் நான். அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

"பஸ்ஸுல நடுங்குறவ பனியில நின்னு ஸ்பேனர் புடிக்கப் போறியா? ஒண்ணும் வேணாம், இங்கயே இரு" என்றாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் மனதாரச் சரி என்று சொல்லாமல் நான் கிளம்ப மாட்டேன் என்பது இருவருக்குமே தெரியும். ஒரு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். அவள் தம்பி, என் மாமா, கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் உறைந்த மீன் வைக்கும் கிடங்கில் சூப்பர்வைசர். "அந்த கோல்ட் ரூமுல அரை மணி நேரம் நின்னு உன் வேலையைச் செஞ்சு காட்டு. பல்லு தந்தியடிச்சா அதோட பேச்சு முடிஞ்சிச்சு."

ஒப்புக்கொண்டேன். இனி எல்லாம் நான் வாங்கப் போகும் குளிர்கோட்டின் கையில்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய மாலுக்குப் போனோம். அங்கே இருந்ததெல்லாம் கொரியாவுக்குச் சுற்றுலா போய்ப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கான கோட்டுகள். இடுப்பில் பெல்ட், முழங்காலைத் தாண்டும் நீளம், பால் நிறம். பால் நிறத்தைப் போட்டுக்கொண்டு கியர்பாக்ஸ் கழற்றினால் எப்படி இருக்கும்? இருந்தாலும் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்து, மேசைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். கோட்டு காலில் சிக்கி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். கடைப் பெண் ஓடி வந்து, "அக்கா, ஏதாச்சும் விழுந்திருச்சா?" என்று தரையில் தேட ஆரம்பித்துவிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவள் முகத்தில் சிரிப்பு வழிந்தது. இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு, "கோட்டே கிடைக்கல பாத்தியா? சாமியே வேணாங்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ரசத்தை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் கிள்ளானில் ஒரு பண்டல் கடைக்குப் போனேன். வெளிநாட்டுப் பழைய துணிகளை மூட்டை மூட்டையாக வரவழைத்து விற்கிற கடை. ஜப்பான்காரர்கள் போட்டுக் கழித்த சட்டைகளுக்குப் பின்னால், கடைசிக் கம்பியில் அது தொங்கியது. பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. மண் நிறத்தில் கெட்டியான கித்தான் துணி. உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்திருந்தார்கள். குந்தினாலும் இடுப்பு வெளியே தெரியாத நீளம். மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்கிற பின்னல் உள்கை. ஜிப்பின் நுனி கையுறை போட்ட கைக்கும் அகப்படுகிற அளவுக்குப் பெரியது. அதற்கு மேலே காற்றைத் தடுக்க இன்னொரு மடிப்பு, அதற்குத் தனியாக அழுத்து பட்டன். இதைத் தைத்தவன் நிச்சயம் குளிரில் நின்று வேலை செய்தவன்தான்.

"காத்து உள்ள போவாது லா அக்கா. ஆனா இங்க யார் வாங்குவா, ரொம்ப நாளா சும்மா தொங்குது" என்றார் கடைக்காரர்.

"எனக்காகத்தான் தொங்குது பாஸ்" என்றேன். உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமே என்று கடையில் தொங்கிய ஒரு ஸ்வெட்டரை எடுத்து உள்ளே போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, தரையில் படுத்துப் பார்த்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை. பேரம் பேசக்கூட மறந்து இரண்டையும் வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அம்மாவும் மாமாவும் கிடங்குக்குப் போனோம். காரை விட்டு இறங்கியதுமே எனக்குப் பொறுக்கவில்லை. டீசர்ட்டுக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, தலையில் குல்லா, கையில் ஸ்பேனர். கிள்ளானின் உச்சி வெயிலில் லோரிகளுக்கு நடுவே நின்று மாமாவைப் படம் எடுக்கச் சொன்னேன். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஜிப்பை மூடி ஒன்று. லோரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கேலி செய்தார்கள். நானும் கை காட்டினேன். அம்மா ஆபீஸ் ஏர்கானில் உட்கார்ந்துகொண்டாள்.

கோல்ட் ரூம் கதவு திறந்தது. வெள்ளையாகப் புகை வந்தது. கால் வைத்ததும் அடடா என்று இருந்தது. பழைய பம்ப் ஒன்றை உள்ளே வைத்திருந்தார் மாமா. அதன் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவதுதான் என் பரீட்சை. முதல் போல்ட் கழன்றது. இரண்டாவதில் முதுகில் யாரோ ஐஸைத் தேய்த்தது போல ஒரு சிலிர்ப்பு. மூன்றாவதில் பல் தந்தியடித்தது. தாடையை இறுக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. கதவின் கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. பார்த்துவிட்டாள்.

வெளியே வந்தேன். எவ்வளவு ஆசை, எவ்வளவு ஆட்டம், எல்லாம் இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் போயிற்று. "சரிம்மா, நான் போவல" என்றேன்.

அம்மா கோட்டுக்குள் கையை விட்டு என் முதுகைத் தடவினாள். கையை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"கூறு கெட்டவளே! இப்படி வேர்த்து ஊத்தியிருக்கு. ஈரத்தோட உள்ள போனா நடுங்காம என்ன செய்யும்?"

என் கையைப் பிடித்துத் தரதரவென்று கழிப்பறைக்கு இழுத்துப் போனாள். தான் போட்டிருந்த பஞ்சாபி சூட்டின் மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். சொட்டச் சொட்ட இருந்த என் டீசர்ட்டைப் பிழிந்து தான் போட்டுக்கொண்டாள். வெளியே மாமா, நான் கழற்றிக் கொடுத்த ஸ்வெட்டரையும் கோட்டையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி ஃபேன் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அவ போவக் கூடாதுன்னு தானே சொன்னே? அதான் தோத்துட்டாளே" என்றார் மாமா.

"தோத்தா ஒழுங்கா தோக்கட்டும்" என்றாள் அம்மா.

மறுபடி உள்ளே போனேன். உலர்ந்த சட்டை, ஸ்வெட்டர், மேலே அந்தக் கோட்டு. முகத்தில் மட்டும் குளிர் கடித்தது. உடம்புக்குள் என் சூடு என்னிடமே இருந்தது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மாட்டினேன், நேரம் மிச்சம் இருக்கவே திரும்பவும் கழற்றினேன். பாட்டுக்கூடப் பாடினேன். அரை மணி ஆகிவிட்டது, போதும் என்று மாமா வந்து கதவைத் தட்டினார்.

ஜெயித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். அம்மா என் கிரீஸ் கறை படிந்த ஈர டீசர்ட்டில் வெயிலில் நின்று உலர்ந்துகொண்டிருந்தாள். என்னைத் திருப்பி, முதுகில் கை விட்டுப் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள். பிறகு லோரிகளைப் பார்த்துக்கொண்டே, "பிளைட்டு என்னைக்கு?" என்று கேட்டாள்.